பட்டையின் மறுமுனை

இவளே,

பிசியோதெரபிக்குக் கிளம்புகிறேன். சாவி எதிர்வீட்டில். நீ வைத்துவிட்டுப் போன சாப்பாட்டில் பாதியை ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். தனியாகச் சாப்பிட்டால் எனக்குப் பாதிதான் இறங்குகிறது.

கணுக்கால் வீக்கம் வடிந்துவிட்டது. இப்போது ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி, உள்ளேயும் வெளியேயும் இழுக்கச் சொல்கிறார்கள். "மறுமுனைய யாரு பிடிக்கிறாங்க?" என்று அங்கிருக்கும் பெண் கேட்டாள். "வீட்டுக்காரம்மாதான்" என்று கூசாமல் சொன்னேன். உண்மையில் பிடிப்பது கட்டில் கால். அதோடு பேரம் பேச வழியில்லை. "போதும்" என்றாலும் விடாது, "இன்னும் ரெண்டு" என்றும் கேட்காது.

"விழுந்தாத்தான் உங்களுக்குப் புத்தி வரும்" என்று நீ சொன்ன அன்றே கடையில் ஸ்டூலிலிருந்து விழுந்தேன். சொன்னது பலித்துவிட்டதென்று அதிலிருந்து நீ என் பக்கமே வருவதில்லை. வீட்டில் தட்டு வைக்கும் சத்தம்தான் கேட்கிறது. உன் வாய்க்கு அவ்வளவு சக்தியா? "இன்னிக்கு நல்லா விக்கட்டும்" என்று தினமும் சொல்லி அனுப்புவாயே, கடை இந்நேரம் மூன்று மாடி ஆகியிருக்க வேண்டாமா? ஸ்டூலுக்குக் கால் ஆடியது, விழுந்தேன். உன்மேல் தப்பு ஒன்றுமில்லை.

பி.கு.: பத்துப் பத்தாக மூன்று சுற்று இழுக்க வேண்டும். உனக்காகக் குறைத்து, நீ ஒரே சுற்று பிடித்தால் போதும். வேறு யாருக்கும் இந்த விலைக்குக் கொடுக்க மாட்டேன்.

சரி, அதுகூட வேண்டாம். மறுமுனையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார். திட்டினாலும் சரி. சாயங்காலம் பட்டையைக் கட்டிலில் கட்டாமல் காத்திருப்பேன்.