கடைசிக் கூட்டத்துப் பேச்சு

ரொறன்ரோ
கார்த்திகை, 94

கோபிகாவின் அப்பாவுக்கு,

தேர்தலுக்கு முன் கிடைக்கவென்று இதை ஃபக்ஸில் அனுப்புகிறேன். ஜனாதிபதி வேட்பாளர் கொழும்பில் கடைசிக் கூட்டத்தில் பேசியதை நானும் இங்கே ரேடியோவில் கேட்டேன். "ஆமி பிடிச்ச பிள்ளையளை விடுவினமாம். இந்தமுறை வோட்டுப் போடப்போறன்" என்று போனில் சொல்லும்போதே நீங்கள் அழுதுவிட்டீர்கள். நானும் நம்பினேன். தம்பியை விட்டதும் இங்கே கூப்பிடலாமென்று கோபிகா அவனுக்குக் குளிர் ஜாக்கெட்டே வாங்கிவிட்டாள்.

நேற்று, அவனோடு பிடிபட்ட பிரவீனன் மில்லிக்கனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தான். கனடாவுக்கு வந்து ஒரு கிழமைதானாம். தேத்தண்ணியைத் தொடவில்லை. "அன்ரி, நான் மட்டுந்தான் வெளியில வந்தனான்" என்றான். பிறகு அவன் சொன்னதை என்னால் எழுத முடியாது. கோபிகாவிடமும் இன்னும் சொல்லவில்லை.

நீங்கள் இனி முகாம் வாசலில் போய் நிற்கவேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். தனியே இருக்காமல் அண்ணை வீட்டுக்குப் போங்கள்.

வோட்டை மட்டும் போடுங்கள். மற்ற வீட்டுப் பிள்ளைகளாவது வரட்டும்.

உங்கள் பிள்ளைகளின் அம்மா