வெள்ளையில் படிந்த பச்சை

ஜூலை 8, செவ்வாய்

விடியும் முன்பே மழை. துணி காயவில்லை, ரூபியின் யூனிஃபார்மை இஸ்திரி போட்டே காயவைத்தேன்.

விளம்பரத்துக்காகக் கம்ப்யூட்டரில் நான் செய்த பீங்கான் டீ பாட் படம் இரண்டாம் முறையும் திரும்பிவிட்டது. கோவை ஆபீசிலிருந்து சுந்தர் சார் போன்.

"ஏனுங்க ஜான்சி, பாசி புடிச்ச மாதிரி இருக்குதுன்னு கம்பெனில சொல்றாங்க. வெள்ளை டீ பாட்டுல வெள்ளையே வரலீன்னா எப்படிங்க?"

முதல் முறை பிளாஸ்டிக் மாதிரி என்றார்கள். அது என் தப்பு. வெள்ளையை ஒரேயடியாகக் கூட்டியதில் விளிம்பெல்லாம் கரைந்துபோயிருந்தது. ஆனால் பாசி? கம்பெனி அனுப்பிய சாம்பிள் டீ பாட்டைப் பக்கத்திலேயே வைத்து, அதைப் பார்த்துப் பார்த்துத்தானே நிறம் சேர்த்தேன்?

வெள்ளிக்கிழமை கடைசி. சரிவராவிட்டால் திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்துவிட வேண்டும். வீட்டிலிருந்து வேலை என்பதே மூன்று மாதச் சோதனைதான். மறுபடி கோவை, மறுபடி ஹாஸ்டல், ரூபிக்கு மறுபடி ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மா.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

மழை விட்டு மூட்டம். இரண்டு முறை கரண்ட் போனது. கம்ப்யூட்டர் படத்தைத் தீட்டி முடிக்கும் முன்பே, பாதி ரெண்டர் பாழ்.

செய்து பார்த்தவை:
வெள்ளையை எண்பது சதவீதத்துக்கு இறக்கினேன். அழுக்கு.
படத்துக்குள் டீ பாட்டின் பக்கவாட்டில் கறுப்பு அட்டை. விளிம்பு நன்றாக வந்தது, வைத்துக்கொண்டேன்.
மேல்பூச்சின் பளபளப்பைக் குறைத்தேன். சுண்ணாம்பு.
மானிட்டரைக் கருவி வைத்துச் சோதித்தேன். அதில் ஒன்றும் கோளாறில்லை. கோளாறு என்னிடம்தான்.

என் கண்ணுக்குத் திரையும் சாம்பிளும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அதுதான் பயமாக இருக்கிறது. எது தப்பென்று தெரிந்தால் திருத்தலாம்.

சாயங்காலம் ரூபி வாசல் படியில் வழுக்கி விழுந்தாள். நான் கதவருகில்தான் நின்றேன். என்னைத் தாண்டிச் சமையலறைக்கு ஓடி ஸ்டெல்லா அண்ணியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நான் ஹாஸ்டலில் இருந்த இரண்டு வருடமும் அவளை வளர்த்தது இவரின் அக்காவான அவர்தான். தம்பி பிள்ளையைத் தன் பிள்ளையாகவே வளர்த்தார். குறை சொல்ல எனக்கு வாயில்லை. இருந்தாலும் வயிறு எரிந்தது.

பிரெட், வர்க்கி, ரூபிக்கு இருமல் மருந்து வாங்க வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

இவர் மத்தியானம் ஃபேக்டரியிலிருந்து சாப்பிட வந்தார். தேயிலைப் பதம் பார்க்கும் எஸ்டேட் டீ மேக்கர் இவர்; இலை வரத்து குறைந்தால்தான் வீட்டுச் சோறு. திங்கட்கிழமை விஷயத்தைச் சொன்னேன். சாப்பிட்ட கையோடு வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான இருக்குது?"

"நல்லா இருந்தா ஏனுங்க ரெண்டு வாட்டி திருப்பி அனுப்பறாங்க? தெரியாதத பேசாதீங்க."

கடித்துக் குதறிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. கையைக் கழுவி வந்து, ஜன்னலோரம் இருந்த டீ பாட்டை எடுத்து அப்படியும் இப்படியும் திருப்பினார்.

"இதை இங்க வெச்சா பாக்கறே?"

"வெளிச்சம் இங்கதானே இருக்குது."

"வெளிய என்ன இருக்குது?"

தேயிலை. ஜன்னலின் அடியிலிருந்து மேடு வரைக்கும் தேயிலை.

"எங்க டேஸ்டிங் ரூம் ஜன்னலுக்கு வெளிய தகரம் அடிச்சு சாம்பல் பெயிண்ட் பூசியிருக்குதில்ல, எதுக்குன்னு நெனச்சே? செடியோட பச்சை வெள்ளைக் கப்புல விழுந்தா டீ கலரு தப்பாத் தெரியும். புதுசா வர்றவங்களுக்கு மொதல்ல சொல்றதே அதுதான். இங்கயே கெடக்கற கண்ணுக்கு அந்தப் பச்சை தெரியாது ஜான்சி."

கட்டிலில் கிடந்த சாம்பல் கம்பளியை எடுத்து ஜன்னலில் ஆணியடித்தேன். விளக்கைப் போட்டுவிட்டு, கண் பழக்கம் மாறட்டும் என்று பத்து நிமிடம் சமையலறையில் சும்மா நின்றேன். திரும்பி வந்து பார்த்தால் சாம்பிள் வெள்ளை. திரையில் என் டீ பாட் தண்ணீர்த் தொட்டி மாதிரி. பாசியேதான். இத்தனை நாள் தேயிலைத் தோட்டத்தை அந்தப் பாத்திரத்தின்மேல் நானே பூசியிருக்கிறேன்.

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆறு வருட அனுபவமாம்.

ஜூலை 11, வெள்ளி

காற்று. கம்பளி விழுந்துகொண்டே இருக்கிறது. இன்னும் நான்கு ஆணி.

பச்சையை முழுக்க எடுத்தேன். கறுப்பு அட்டையால் வந்த விளிம்பு அப்படியே. கைப்பிடிக்குள் நிழலில் கொஞ்சம் மஞ்சள் சாயல். மூக்கின் அடியில் மேல்பூச்சு சற்றே தடித்து நிற்கட்டும், சாம்பிளிலும் அப்படித்தான். ஜன்னல் கதையையும் எழுதி மூன்று மணிக்கு அனுப்பினேன்.

நாலு மணி. பதில் இல்லை. அலமாரி மேலிருந்து ஹாஸ்டல் பையை இறக்கித் தூசி தட்டினேன். ரூபி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஐந்தரைக்கு சுந்தர் சார். குரலே சரியில்லை.

"ஜான்சி, என்ன வேலைங்க இது? சாம்பிளை ஃபோட்டோ புடிச்சு அனுப்பிட்டீங்கன்னு அவங்க சண்டைக்கு வர்றாங்க. ரெண்டர் எங்கீங்க?"

"அதுதாங்க சார் ரெண்டர்."

ரெண்டர்தான் என்று காட்ட, டீ பாட்டின் வடிவத்தைக் கோடுகளாகக் காட்டும் கம்பிக்கோட்டுப் படத்தையும் ஃபைல் முழுவதையும் அனுப்பினேன். பார்த்துவிட்டுச் சொல்வதாக வைத்துவிட்டார்.

ஜூலை 12, சனி

வெயில். பத்து நாளில் முதல் வெயில். துணியெல்லாம் வாசலில்.

பத்து மணிக்குச் செய்தி. ஒத்துக்கொண்டார்கள். கப், சாசர் உட்பட மொத்த செட்டின் படங்களும் செய்யும் வேலை எனக்கே. "ஊட்டுல இருந்தே பண்ணுங்க. ஜன்னலை மட்டும் சாத்திக்கங்க" என்று சுந்தர் சார்.

பையை அலமாரி மேல் ஏற்றினேன். அண்ணியிடம் சொன்னேன், இனி இங்கேதான் என்று. "நல்லதுங்க கண்ணு" என்றார். பீன்ஸ் முறத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நானும் போய் உட்கார்ந்து காம்பு கிள்ளினேன்.

ரூபி அதே படியில் மறுபடி விழுந்தாள். "அம்மா" என்று கத்தினாள். நாங்கள் இருவரும் ஒன்றாக எழுந்தோம். முறம் கவிழ்ந்தது.

என்னிடம்தான் வந்தாள். முழங்காலில் இரத்தம், என் நைட்டியெல்லாம் மண். அண்ணி கீழே உட்கார்ந்து பீன்ஸைப் பொறுக்கினார், ஒவ்வொன்றாக, தலை நிமிராமல்.