அன்று நான் தலையாட்டியது

அன்புள்ள நண்பா,

இன்று காலை சென்னை மைதானத்தில் ஆடுகளத்துக்கு நார்ப்பாய் விரித்தார்கள். மழையில் நனைந்த தேங்காய்நாரின் வாடை குப்பென்று எழுந்தது. வெளிநாட்டுக் கிரிக்கெட் அணி ஆட வந்திருக்கிறது, நடுவர் நான். வாடை பட்டதும் நீதான் நினைவில் வந்தாய். நீ இறந்து ஒரு வருஷம் ஆகியும் எனக்கு முகம் சுண்டிப்போகிறது.

அன்றும் இதே போல நார்ப்பாய் விரித்த களம்தான். உன் ராஜபாளையம் அணிக்கும் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டு குமாஸ்தாக்களுக்கும் ஆட்டம். மதுரை மில் அணிக்கு ஆள் எடுக்க ஒருவர் வந்திருந்தார். எடுபட்டால் மில்லில் வேலையும் உண்டு. அந்த வேலையைச் சொல்லித்தான் நீ பெண் வீட்டாரைக் காக்க வைத்திருந்தாய்.

பந்து உன் மட்டையைத் தாண்டிக் கீப்பர் கைக்குப் போனது. அவுட் கேட்டு எல்லோரும் கத்தினார்கள். மட்டையில் படவில்லை, எனக்கு நிச்சயம். வாயால் சொல்லித் தொலைத்திருக்கலாம். புது நடுவரின் மிடுக்கில், இல்லை என்று தலையை மட்டும் அசைத்தேன். அது நம் ஊர் வழக்கப்படி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. நம்மிடையே தலையாட்டினால் சரி என்றுதானே அர்த்தம்? நீ மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியேறினாய். திரும்பக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. முதல் ஆட்டத்திலேயே தடுமாறினான் என்பார்களே என்று பயம்.

உன் ஆட்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "சொந்த ஊருக்கு ஓரவஞ்சன பண்ணுதான்."

நீ நடுவில் புகுந்தாய். "பட்டுச்சுலே. நான் அவுட்டுதான். அவியள ஏன் வையுதிய?"

பள்ளிக்கூட நாளிலிருந்து என்னை ‘ஏலே’ என்றே கூப்பிட்டவன், ஊர் முன்னால் மரியாதையாக ‘அவிய’ என்றாய். நீ அடித்திருந்தால்கூட அவ்வளவு கூசியிருக்காது.

பஸ்ஸுக்கு நிற்கையில் கேட்டேன். "நெசமாவே பட்டுச்சா?"

"படலலே. நீ தலைய ஆட்டுன, நான் போயிட்டேன். பொறவுதான் ஒம் மூஞ்சியப் பாத்தேன்."

மதுரைக்காரர் எதிர்க் கடையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். "அவருட்டப் போயிச் சொல்லிருதேன்" என்றேன்.

"வேண்டாம்லே, ஒம் பேரு கெட்டுரும்."

சரி என்று தலையாட்டினேன். அந்தத் தடவை அதில் குழப்பமே இல்லை.

பெண் வீட்டார் காத்திருக்கவில்லை. பஞ்சுக் கிட்டங்கியில் மூட்டை தூக்கியே உன் காலம் போனது. நான் மதுரை, சென்னை என்று ஏறி வந்தேன்.

இப்போதெல்லாம் கழுத்தை அசைக்காமல், நாலு பேருக்குக் கேட்கும்படி தீர்ப்பைச் சொல்கிறேன். இதைப் பத்திரிகைக்காரர்கள் நேர்மை என்று எழுதுகிறார்கள். இன்று மாலை ஆட்டம் முடிந்ததும் அந்த வெளிநாட்டு அணித் தலைவரும் கை குலுக்கி, இத்தனை தெளிவு எங்கே கற்றீர்கள் என்று கேட்டார். பழக்கம் என்றேன். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நாளை வேறொருவர் கேட்டால் அதையேதான் சொல்வேன்.