சக்கரவர்த்திக்கு ஒரு சுவர்

3 ஜனவரி 1970

பென்சில் கட்டைச் சுற்றி வந்த பழைய பத்திரிகைத் தாளில் ஒரு சீனச் சக்கரவர்த்தி கதை. பேர் தாய்சோங். அழகான எழுத்து என்றால் உயிரை விடுவாராம். பழைய மேதை ஒருவர் எழுதிய சுருள் ஒரு கிழட்டுப் பிக்குவிடம் இருந்தது. கேட்டால் இல்லவே இல்லை என்று சாதித்தார். ராஜாவின் ஆள் மாறுவேடத்தில் போய், சிநேகமாகி, தன்னிடம் இருப்பதே உசத்தி என்று சீண்டினான். கிழவர் ரோஷத்தில் எடுத்துக் காட்டினார். போயிற்று சுருள். ராஜா சாகும்போது அதையும் கல்லறைக்குக் கொண்டுபோய்விட்டாராம்.

குத்தாலத்தில் என் கடையில் மை, பேனா, காகிதம் எல்லாம் இருக்கிறது. சக்கரவர்த்திதான் இல்லை.

6 ஜனவரி

கிடைத்துவிட்டார். மிராசுதார் பஞ்சநதம் மை வாங்க வந்தார். கதையைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் கையெழுத்திலும் ஒரு ராஜகளை உண்டு என்றேன். உண்மையில் அது மையில் விழுந்த தவளை தாவிப்போன தடம்.

பெட்டியோடு மை வாங்கிப் போனார். என் வீட்டுக்காரி மெஹராஜ் பேகம் சொன்னாள்: “ஊர்ல ஒருத்தருக்குப் பித்துப் பிடிச்சா, அதுக்கும் சரக்கு நம்ம கடைலதான்.”

11 ஜனவரி

அறுவடைக் கூலிப் பேச்சு சண்டையில்லாமல் முடிந்தது. கலத்துக்கு ஒரு படி கூடுதல். தொழிலாளர் சங்கத்து மருதையன் கையெழுத்துப் போட்டாயிற்று. பஞ்சநதம் போட்டால்தான் மற்ற மிராசுகளும் போடுவார்கள். அதன் பிறகுதான் வயலில் அரிவாள்.

அவர் போடவில்லை. கூலிமேல் கோபமா? இல்லை. ராஜகளையோடு போடக் கை இன்னும் பழகவில்லையாம்.

12 ஜனவரி

இன்றும் போடவில்லை. மை மட்டும் வாங்கினார்.

16 ஜனவரி

இந்தப் பொங்கல் ஊர் முழுக்கப் பழைய அரிசியில்தான். மருதையன் கடைக்கு வந்தார்.

“கதிர் தரையைத் தொடுது பாய். ஒரு மழை அடிச்சா அப்படியே முளைச்சுடும். எங்க தெருவுல பாதி வீட்டுல அடுப்பு எரியல. எல்லாம் நீங்க சொன்ன கதையாமே?”

நான் மைப்பாட்டிலைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். மத்தியானம் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசை. மறுசோறு கேட்டு வாங்கினேன்.

18 ஜனவரி

போட்டுவிட்டார்! ஆனால் ஒப்பந்தத் தாளைத் தர மாட்டாராம். கையெழுத்து அப்படி அமைந்துவிட்டதாம். இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். இன்னொரு தாளில் போடச் சொன்னால், “அது மாதிரி இனி வராது பாய்” என்கிறார்.

சிரித்தேன். வானம் மூடியிருப்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஏண்டா ஜெய்னுலாபுதீன், உன் வாயைத் தைத்தால்தான் என்ன?

19 ஜனவரி

மருதையன் அந்தக் கதையை முழுசாகக் கேட்டார். பிக்குவைச் சீண்டிய இடத்தை மறுபடி சொல்லச் சொன்னார்.

20 ஜனவரி

மருதையன் பஞ்சநதம் வீட்டுக்கு என்னையும் இழுத்துப் போனார். தோள்துண்டை இறக்காமல், ஆனால் குரலை இறக்கி:

“தாள்ல யார் வேணா எழுதலாங்க. சுவர்ல ஆளுயரத்துக்கு எழுத ஒரு கை வேணும். அது கட்சிக்காரப் பசங்களுக்குத்தான் வரும்.”

சுவரில் கட்சி எழுத்தைக் கண்டாலே காறித் துப்புகிறவர் பஞ்சநதம். காது மடல் சிவந்தது.

“எந்தச் சுவர்?” என்றார்.

வேறெது? கடைத்தெருவைப் பார்த்த என் சுவர்தான். எலெக்‌ஷனுக்கென்று ஒரு கட்சி பிடித்து வைத்திருந்தது.

என்ன எழுதுவது என்று கேட்டார். கூலி ஒப்பந்தத்தையே எழுதலாம், அதுதான் மனப்பாடமாக இருக்கிறதே என்றார் மருதையன்.

21 ஜனவரி

ஏணி, காவி, தூரிகை. விடிந்ததும் ஏறியவர் மத்தியானம்தான் இறங்கினார். ‘கலத்துக்கு ஒரு படி கூடுதல்.’ அடியில் ஆளுயரக் கையெழுத்து. கடைத்தெருவே நின்று படித்தது. மற்ற மிராசுகளும் படித்தார்கள்; வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு இன்னொரு தாளில் கையெழுத்தும் போட்டார்கள்.

பஞ்சநதம் தள்ளி நின்று தன் எழுத்தை அழகு பார்த்துவிட்டு, எப்படி என்றார்.

“இனிமே யாரும் அழிக்க முடியாதுங்க” என்றார் மருதையன்.

பஞ்சநதம் பூரித்துப்போனார். பொழுது சாய்வதற்குள் வயலில் அரிவாள் இறங்கிவிட்டது.

9 பிப்ரவரி

புது அரிசிச் சோறு. நெல் வீடு சேர்ந்த பிறகுதான் நேற்று மழை பெய்தது. சுவர் கொஞ்சம் கரைந்துவிட்டது.

இன்று கட்சிக்காரர்கள் சுண்ணாம்பு வாளியோடு வந்தார்கள். பஞ்சநதம் குடையால் அடித்து விரட்டினார். பிறகு ஏணியில் ஏறி, மங்கிய எழுத்துக்கெல்லாம் மறுபடி காவி பூசினார். ‘கூடுதல்’ மட்டும் திருப்தி வரவில்லை போலிருக்கிறது. இன்னொரு தடவை பூசினார்.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் மருதையன்.