உசுரோட இருக்கிறவளுக்கு எலுமிச்சம்பழம்

ஆகஸ்ட் 24, வியாழன்

நிலாவில் நம்ம வண்டி இறங்கியது நேற்று. தக்காளி விலை ஏறி, ரசம் வெறும் புளித்தண்ணியாகிப்போன ஆடி போய் ஆவணி வந்தாச்சு. கள்ளக்குறிச்சி தனி ஜில்லா ஆகி நாலு வருஷம் ஆகப்போகிறது. இவ்வளவும் சொன்னால் எந்த வருஷம் என்று யாருக்கும் தெரியும். நம்பர் எதற்கு?

எனக்கு எழுத்து தெரியாது. உரக்கடையில் கொடுத்த டைரி சும்மாக் கிடந்தது. மருமகள் கொளஞ்சியம்மாளிடம், "நான் சொல்றேன், நீ எழுதும்மா" என்றேன். "பொய் சொன்னா எழுத மாட்டேன் மாமா" என்றாள். பார், எடுத்ததுமே.

தினமும் காலையில் மலையடி வானொலியில் 'பேசலாம் வாங்க' கேட்பேன். எல்லாம் நம்ம பக்கத்து சேதி. குழாயில் தண்ணி வரல, பஸ்ஸு நிக்கல, கரும்புக்கு ஆலையிலேர்ந்து வெட்டு உத்தரவு வரல. ஆண்டாள் என்று ஒரு பொண்ணு பேசும். யார் எப்படித் திட்டினாலும் "அருமை நேயரே" என்று சொல்லும். இன்றைக்கு அது சொன்ன சேதி: மலைக்கு ஏறுகிற கிளை ரோட்டில் திருப்பத்துக்குத் திருப்பம் நம்பர் போட்டு போர்டு வைக்கப் போகிறார்களாம். காசியம்மா திருப்பம் இனிமேல் ஏழாம் நம்பர்.

ஒரு ஆள் போனில் வந்து, "ஏழுன்னா யாருங்க எறங்குவாங்க? காசியம்மான்னாதான் கண்டக்டரே விசில் ஊதுவாரு" என்றான்.

"சரி நேயர்களே, அந்தக் காசியம்மாள் யார்?" என்று ஆண்டாள் கேட்டது.

வாய்க்குப் போன வெற்றிலை கையிலேயே நின்றுவிட்டது. யாரா? என் பக்கத்தில் உட்கார்ந்து ஜல்லி உடைத்தவள்!

ஆகஸ்ட் 25, வெள்ளி

ஊரே போன் போட்டுவிட்டது. அந்தக் காலத்தில் மலையை ஆண்ட ஜாகீர்தார் வீட்டுப் பொம்பளை என்றது ஒரு குரல். மலைச்சாமிக்குத் தங்கச்சி என்றது இன்னொன்று. கடைசியில் சங்கராபுரம் தனசேகரன் வந்தார். மலை ரோட்டில் ஷேர் ஜீப் ஓட்டுகிறவர். ரேடியோவில் எந்த விஷயம் வந்தாலும் அதைப் பற்றி அவருக்கு ஒன்று தெரிந்திருக்கும். "ரோடு போடறப்ப பள்ளத்துல வுழுந்து செத்த பொம்பளைங்க. திருப்பத்துல நிக்கிற புளியமரத்துலதான் இருக்குது. வண்டிய ஒரு பக்கமா இழுக்கும். நாங்கல்லாம் எலுமிச்சம்பழம் வெச்சிட்டுத்தான் திரும்புவோம். இந்த ஐப்பசியில ஒரு பீடம் கட்டிடலாம்னு இருக்கேன்" என்றார்.

"அருமை நேயரே" என்றது ஆண்டாள்.

இன்னாடி அருமை? உசுரோட இருக்கிறவளுக்கு எவனாவது எலுமிச்சம்பழம் வெப்பானா?

ஆகஸ்ட் 28, திங்கள்

மகனுடைய போனை வாங்கி, கொளஞ்சியை ரேடியோ நம்பரை அழுத்தச் சொன்னேன். கிடைத்துவிட்டது.

"ஹலோ" என்றேன். கொஞ்சம் பொறுத்து எவனோ "ஹலோ" என்றான். "யாருப்பா நீ?" என்றேன். அவனும் "யாருப்பா நீ?" என்றான். "நான் சொல்றதையே சொல்றியே, வெக்கமா இல்ல?" என்று கத்தினேன். படுபாவி, அதையும் விடாமல் திருப்பிக் கேட்டான். "ஐயா, பக்கத்துல ரேடியோ பாடுது பாருங்க, அதை முதல்ல அணைச்சிடுங்க" என்று ஆண்டாள் சொல்லும்போதே லைன் போய்விட்டது.

கொளஞ்சி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். இதை எழுதும்போதும் சிரிக்கிறாள். எழுத்து கோணிக்கொண்டு போகிறது என்று அவளே சொல்கிறாள்.

ஆகஸ்ட் 29

கொளஞ்சி நடவுக்குப் போய்விட்டாள். இது மறுநாள் சொல்லி எழுதியது. டீக்கடையில் நான் "ஒரு டீ" என்றால் நாலு பேர் "ஒரு டீ" என்கிறார்கள்.

ஆகஸ்ட் 30, புதன்

ரேடியோவை எதிர் வீட்டில் கொடுத்துவிட்டுப் பேசினேன். இந்த முறை அந்தத் திருட்டுப் பயல் வரவில்லை.

உள்ளதைச் சொன்னேன். எமர்ஜென்சி வந்ததுக்கு மறு வருஷம், மலையில் ஜாகீர் ஒழிந்த வருஷம். கீழேயிருந்து ஆறு பேர் ஒரு செட்டாக அந்த ரோட்டு வேலைக்குப் போனோம். ஓவர்சீயர் கயிறு பிடித்த நேர்கோடு புளியமரத்துக்கு நடுவில் போனது. மரத்தை வெட்டு என்றார். அதில்தான் காசியம்மாள் தூளி கட்டி, தன் கைப்பிள்ளையைப் போட்டிருந்தாள். மேஸ்திரி ராமசாமி கோடாலியோடு போனால், மறித்துக்கொண்டு நிற்கிறாள். "எம் புள்ள இப்பத்தான் தூங்கினான். எழுந்துக்கட்டும், வெட்டுங்க." ஓவர்சீயர் கத்திப் பார்த்தார். "மெதுவா பேசுங்க சாமி, முழிச்சிக்கப் போறான்" என்றாள். அவருக்கும் குரல் இறங்கிவிட்டது. ஆளுகளைச் சும்மா உட்கார வைக்க முடியுமா? அதுவரைக்கும் ஓரமாகத் தோண்டுங்கடா என்றார். தோண்டினோம். பிள்ளை எழுந்திருக்கவே இல்லை. பொழுது சாயும்போது பார்த்தால் மரத்தைச் சுற்றிக்கொண்டு பாதி ரோடு போயிருந்தது. "போவட்டும், இப்படியே திருப்பு" என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

ரோடு தானாகத் திரும்பவில்லை. அவள் திருப்பினாள்.

ஆண்டாள் "அருமை" என்று ஆரம்பித்தது. அது முடிப்பதற்குள் தனசேகரன் வந்துவிட்டார். "கதை நல்லா இருக்குதுங்க பெரியவரே. வயசாச்சி, ஞாபகம் முன்னபின்ன இருக்கும். அந்தம்மா உசுரோட இருந்தா எங்க இருக்குது, சொல்லுங்க பாப்போம்?"

மணலூர்பேட்டைப் பக்கம் என்றேன். எந்தத் தெரு என்றார். எனக்கு இன்னா தெரியும்? வேலை முடிந்ததும் அவரவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு போனோம். அதற்கப்புறம் அவளைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 1

டீக்கடையில் இன்றைக்கு: "இன்னா அம்மாசி, ஒன் காசியம்மா பஸ் ஏறிட்டாளா?"

செப்டம்பர் 4, திங்கள்

இந்த ஊரில் எல்லைத் தகராறு என்றாலும், யாருக்கு யார் என்ன முறை என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். நான் சொன்னால் சரி என்று போவார்கள். இப்போது என் வாயைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. ஒருவேளை செத்துத்தான் போய்விட்டாளோ? பீடம் கட்டி, மஞ்சத் துணி சுத்தி, குழந்தைங்கள "பேய் வருது கண்ண மூடு"ன்னு சொல்லுவாங்களே. சிரிச்சிக்கினே இருப்பாளே அவ. அவளைப் பார்த்து யாராவது கண்ண மூடுவாங்களா? எழுதும்மா, எழுது. நான் ஒண்ணும் அழல. வெத்தலையில சுண்ணாம்பு ஜாஸ்தி.

செப்டம்பர் 7, வியாழன்

கொளஞ்சி, பெரிசாக எழுது. இந்தப் பக்கம் முழுக்க எழுது.

காலையில் ரேடியோவில் கரகரவென்று ஒரு குரல். "ஹலோ, நான் காசியம்மா பேசறேன், மணலூர்பேட்டையிலேர்ந்து. நான் செத்துப்போயிட்டேன்னு அங்க எல்லாரும் பேசிக்கினு இருக்கீங்களாமே. எனக்கு யாரும் சொல்லலியே!"

நான் பேசினதைப் பதிவு பண்ணி ஒருவருக்கொருவர் போனில் அனுப்பி, அது மணலூர்பேட்டை வரைக்கும் போயிருக்கிறது. அங்கே ரேடியோ எடுக்காது, போன் எடுக்கும்.

ஆண்டாள் உடனே மகனுடைய போனுக்கு அடித்து என்னையும் லைனில் போட்டது. "ஏ காசி!" என்றேன்.

"யாரு, அம்மாசியா? இன்னாய்யா, பையன்னு சொல்லிக்கினு இருக்க? அது பொண்ணுய்யா! ஒரு தடவையாவது தூளிய எட்டிப் பாத்தியா நீ? அந்தப் பொண்ணுதான் இப்ப போனு போட்டுக் குடுத்திச்சி."

போச்சு. என் மானம் காற்றில் போகிறது, சுத்துப்பட்டு முழுக்கக் கேட்கிறது.

"அப்பறம், தூங்கிச்சின்னு வேற சொன்னியாம். அது எப்பவோ எழுந்துடுச்சி. நான்தான் துணியில வெல்லத்த முடிஞ்சி வாயில வெச்சிட்டு, ஆராரோ பாடிக்கினு இருந்தேன்."

"ஏன்டி?"

"அந்த மரத்தையும் வெட்டிட்டா, நாம எங்க ஒக்காந்து கஞ்சி குடிக்கிறது?"

இத்தனை வருஷமாக ஓவர்சீயர் ஏமாந்தார் என்று சிரித்துக்கொண்டிருந்தேன். நானும் ஏமாந்திருக்கிறேன்! கூட நின்ற எல்லோரையும் ஒரு வெல்லக்கட்டியால் ஏமாற்றியிருக்கிறாள். வயிறு வலிக்கச் சிரித்தேன். கொளஞ்சி பயந்துபோய்த் தண்ணி கொண்டுவந்தாள்.

செப்டம்பர் 8

டீக்கடையில் காசு வாங்க மாட்டேன் என்கிறார்கள். "அது பொண்ணுய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடுகிறார்கள்.

செப்டம்பர் 20, புதன்

இன்றைக்குக் காசியம்மா திருப்பத்தில் ரேடியோக்காரர்கள் கூட்டம் வைத்தார்கள். மணலூர்பேட்டைக்குப் போய் அவளை ஏற்றிக்கொண்டு வந்தது யார்? தனசேகரன். தன் ஜீப்பிலேயே, முன் சீட்டில் வைத்து. இறங்கினதும் என்னைக் கும்பிட்டார். "பெரியவரே, பேய ஏத்திக்கினு வந்துட்டேங்க. வழியெல்லாம் ஒரே பேச்சு, வண்டிய ஓட்டவே வுடல."

பல் நாலு இல்லை அவளுக்கு. சிரிப்பு அப்படியே இருக்கிறது. மரம் இன்னும் பெருத்துவிட்டது. ஏழு என்று போர்டு நட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே பஞ்சாயத்தார் இன்னொன்று மாட்டியிருக்கிறார்கள். கொளஞ்சி படித்துக் காட்டினாள்: காசியம்மாள் திருப்பம்.

மரத்தடியில் எலுமிச்சம்பழம் வரிசையாக இருந்தது. காய்ந்தது ஒரு பக்கம், அன்றைக்கு வைத்தது ஒரு பக்கம். எல்லோரும் தாண்டித் தாண்டிப் போனார்கள். அவள் குனிந்து, புதுசையெல்லாம் மடியில் பொறுக்கினாள்.

"ஐயோ ஆயா, தொடாதீங்க!" என்று கத்தினார் தனசேகரன்.

"யாருக்கு வெச்சீங்க?"

"உங்களுக்குத்தாங்க."

"அப்ப எனக்குத்தானே சொந்தம்? போ, சக்கர இருந்தா கொண்டா. புள்ளைங்க வெயில்ல நிக்கிது."

குடத்துத் தண்ணியில் பிழிந்து, சொம்பால் மோந்து எல்லோருக்கும் ஊற்றினாள். வாங்கவா வேண்டாமா என்று முழித்தார்கள். முதலில் நான் குடித்தேன். அடுத்து ஆண்டாள். தனசேகரன் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றார். பீடம் பேச்சு அதோடு முடிந்தது.

ஆண்டாள் மைக்கை என் வாய்க்கு நேரே பிடித்தது. "அருமை நேயரே, அன்று உங்களோடு இங்கே வேலை பார்த்தவர்களில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள்?"

ஓவர்சீயர் அப்பவே வயசானவர், இருக்க மாட்டார். மேஸ்திரி ராமசாமி போயிட்டார். பிச்சைமுத்து, வேடியப்பன் ரெண்டு பேரும் ஒரே மழைக்காலத்தில் போனார்கள். ரங்கம்மாள் போன தை மாசம். என்னை விட்டால் இன்னும் ஒரு ஆள்தான் பாக்கி. தோ, சொம்பைக் கழுவிக்கினு இருக்கா பாரும்மா — காசியம்மாள்.