காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம்

செப்டம்பர் 27, திங்கள்

வெயில் இன்னும் விடவில்லை. மலைமேல் மேகம் கூடுகிறது, இறங்கத்தான் மனமில்லை. மூன்றாம் வகுப்புக்குச் சிலேட்டுக் குச்சி தீர்ந்துவிட்டது. எதைக் கேட்டாலும் யுத்தம் என்கிறார்கள். உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக் கொடுத்துச் சமாளித்தேன்.

இந்த வாரத்துக்கு:
— முதல் மணிக்கே எழுந்திருக்க.
— இங்கிலீஷ் வார்த்தைகள், தினம் கொஞ்சம். உச்சரிப்பை மிஸ்ஸியம்மாவிடம் வெட்கப்படாமல் கேட்க.
— பிள்ளைகளைக் கிள்ளக் கூடாது. (இன்று கிள்ளினேன்.)
— நடிப்பு வேண்டாம். இல்லாததை இருக்கிறதென்று யாரிடமும் சொல்லக் கூடாது.

கடைசியதுதான் கஷ்டம். ஜெபமணியும் நானும் சேர்ந்து எடுத்த தீர்மானம். ஒரே பள்ளிக்கூடம், காம்பவுண்டில் ஒரே அறை. விளக்கேற்றியதும், சாப்பாட்டுக்கு முன்னால், மனசில் உள்ளதை உள்ளபடி ஒருத்திக்கொருத்தி சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

நேற்று கோவிலில் ஜெ.யின் கல்யாண ஓலை முதல் தடவை வாசித்தார்கள். மாப்பிள்ளை ராஜபாளையம் மில்லில் பிட்டர். இன்னும் இரண்டு ஞாயிறு வாசித்தால் கல்யாணம். "ஆட்சேபணை யாருக்காவது உண்டா" என்று போதகர் ஐயா கேட்டபோது ஜெ. என் கையை நெரித்த நெரிப்பில் வளையல் தடம் இன்னும் போகவில்லை.

இன்று மாலை என் முறை. உன்மேல் பொறாமையாக இருக்கிறது என்றேன். சிரித்தாள். அதோடு விட்டிருக்கலாம். இன்னொன்றும் சொன்னேன். பிள்ளைகளோடு ஜெபம் பண்ணும்போது என் வாய்தான் பேசுகிறது, யாரும் கேட்கிற மாதிரி இல்லை, எத்தனையோ மாதமாக இப்படித்தான். சிரிப்பு நின்றுவிட்டது. "ஏட்டி, பயமா இருக்குட்டி" என்றாள். எனக்கும்தான்.

செப். 29, புதன்

மிஸ்ஸியம்மா கூப்பிட்டனுப்பினார்கள். டீச்சர் பயிற்சிப் பள்ளிக்கு என் பெயரை எழுதப் போகிறார்கள் என்று நினைத்துப் புதுச் சேலையை மாற்றிக்கொண்டு போனேன்.

"சாராள், உனக்கு ஜெபம் வரவில்லையென்று அறிந்தேன்." சீமையிலிருந்து வந்து எத்தனை வருஷமானாலும் அவர்கள் பேசும் தமிழ் புத்தகம் வாசிக்கிற மாதிரிதான் இருக்கும். "இந்த வருஷம் நீ பயிற்சிக்குப் போக வேண்டாம். முதலில் உன் ஆத்துமாவைப் பார்."

சரி அம்மா என்றேன். வேறென்ன சொல்ல.

பயிற்சி முடித்துச் சேத்தூருக்குப் போவதாக இருந்தேன். எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் விடிந்தால் களையெடுக்கப் போகிறதுகள். அதுகளுக்கு ஒரு பள்ளிக்கூடம். பெரிய யோசனை ஒன்றும் இல்லை, ஒரு கூரை, ஒரு கரும்பலகை. அதை நினைத்துக்கொண்டுதான் இந்த வருஷமெல்லாம் எழுந்து உட்கார்ந்து படித்தேன்.

அறைக்குத் திரும்பினால் ஜெ. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொன்னியா?"

"உன் நல்லதுக்குத்தான்ட்டி சொன்னேன். அம்மா உனக்காக ஜெபம் பண்ணுவாவன்னு நெனச்சேன். இப்படிப் பண்ணுவாவன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா விடுவியா நீ?"

சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடவில்லை. வெங்காயம் உரித்தபடி கிடக்கிறது.

அக்டோபர் 2, சனி

புழுக்கம். பேன் சீப்பு காணோம்.

நாளை நற்கருணை. அந்தப் பந்திக்குப் போகிறவர்கள் இன்றே பெயர் கொடுக்க வேண்டும். கோவிலின் பக்கத்து அறையில் உபதேசியார் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொருவராகப் போய்ப் பெயரைச் சொல்ல வேண்டும். "எல்லாரோடயும் சமாதானமா இருக்கியளா?" என்று கேட்பார். "சமாதானந்தான்" என்று சொல்லிவிட்டு வர வேண்டும். யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் பெயர் கொடுக்கக் கூடாது. யாரும் கொடுக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை. எனக்கு முன்னால் நின்ற ஓரகத்திகள் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது, அடுப்பைக்கூடத் தனியாக வைத்துவிட்டார்கள். இரண்டு பேரும் சமாதானந்தான்.

என் முறை வந்தது. உபதேசியார் முகத்தைப் பார்க்காமலே கேட்டார். "இல்ல ஐயா" என்றேன்.

"என்னம்மா?"

"சமாதானமா இல்ல."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். நான் வெளியே வந்துவிட்டேன். எனக்கு அடுத்து ஜெ. நின்றுகொண்டிருந்தாள். அவளும் பின்னாலேயே வந்துவிட்டாள்.

"நீ குடுத்துட்டு வா. உனக்கு நாளைக்கு ஓலை" என்றேன். மூன்று நாளைக்குப் பிறகு அவளிடம் நான் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"நீ இல்லைன்னு சொல்லிட்டு வரும்போது நான் எப்படிட்டி சமாதானம்னு சொல்ல?"

அப்போது அவள்மேல் ஆசையாகத்தான் இருந்தது. மன்னிக்க மட்டும் முடியவில்லை. இரண்டும் ஒரே சமயத்தில் எப்படி இருக்கிறதோ தெரியவில்லை.

அக். 3, ஞாயிறு

இரண்டாம் ஓலை வாசித்தார்கள். பிறகு நற்கருணை. பெண்கள் பக்கம் வரிசை வரிசையாக எழுந்து அப்பமும் ரசமும் வாங்கப் போனார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் பாயில் உட்கார்ந்திருந்தோம். சேலைத் தலைப்புகள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பின. மாப்பிள்ளையின் சித்தி இந்த ஊரில்தான் இருக்கிறாள், முன்வரிசைக்காரி. திரும்பி வரும்போது நின்று பார்த்துவிட்டே போனாள்.

வெளியே கிணற்றடியில் காதில் விழுந்தது:

"ஓலை வாசிச்ச பொண்ணு பந்திக்குப் போகலியே, பாத்தியளா?"

"வயித்துல கியித்துல ஏதும்..."

"சும்மா இரு. ஆனாலும் அப்படித்தான் இருக்கும். இல்லாட்டி எதுக்குப் பயப்படணும்?"

எனக்கு இது தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. எனக்குப் பெயர் கொடுக்க மனசில்லை, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். இந்த ஊரில் கலியாணமாகாத பெண் நற்கருணைக்குப் போகாவிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று ஒரு டீச்சருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

அக். 5, செவ்வாய்

ராஜபாளையத்துக்குச் செய்தி போய்விட்டது. மூன்றாம் ஓலையை நிறுத்தி வைக்கச் சொல்லிப் போதகர் ஐயாவுக்கு ஆள் வந்ததாம்.

வகுப்பில் மனக்கணக்கு. ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பிள்ளைகளைக் கிள்ளினேன்.

அக். 6, புதன்

ஜெ.யின் அம்மா வத்திராயிருப்பிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார்கள். கட்டில் இருக்கத் தரையில் உட்கார்ந்தார்கள். மகளை அடிக்கவில்லை, திட்டவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ ஒரு எட்டு ராஜபாளையம் போயிட்டு வா தாயி. அன்னைக்கு இவளுக்குக் காய்ச்சல், அதான் எந்திரிக்க முடியலன்னு சொல்லு. நான் சொன்னா பெத்தவ மறைக்கான்னு நெனப்பாவ. நீ சொன்னா நம்புவாவ. நீ பொய் சொல்ல மாட்டன்னு எல்லாருக்கும் தெரியும்."

ஜெ. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "காய்ச்சல்னு ஒரு வார்த்தை. வேற ஒண்ணும் பேச வேண்டாம்."

போகிறேன் என்றேன். காய்ச்சல் என்று சொல்வதாகச் சொல்லவில்லை. அதை அவர்கள் கவனிக்கவில்லை.

அக். 8, வெள்ளி

பூஜை விடுமுறை. பெட்ரோலும் யுத்தத்துக்குப் போய்விட்டது, கரிப் புகையில் ஓடுகிற பஸ். முகப்பில் நேற்றுக் கட்டிய வாழைக்கன்று வாடித் தொங்குகிறது, கண்ணாடி முழுக்கச் சந்தனம். பாதி வழியில் நின்றுவிட்டது. ஆம்பிளைகள் இறங்கித் தள்ளினார்கள். புகையில் எல்லாருக்கும் இருமல். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்: காய்ச்சல், அவளுக்குக் காய்ச்சல், நல்ல காய்ச்சல்.

மில்லுக்குப் பின்னால் சந்து. மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார், அம்மா மட்டும். கனத்த உடம்பு, நிதானமான பேச்சு. கெட்ட மனுஷி இல்லை. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மா சுவர்மேல் எட்டி "எவரம்மா?" என்று கேட்டதற்கு, "நம்ம பொண்ணுகூட வேலை பாக்க டீச்சர்" என்றார்கள். நம்ம பொண்ணு என்றுதான் சொன்னார்கள். கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள்.

"ஊர்ல ஆயிரம் பேசுதாவ டீச்சரம்மா. எனக்கு அதுல நம்பிக்கையில்ல. அந்தப் புள்ளைக்கு அன்னைக்குக் காய்ச்சலா இருந்திருக்கும், என்ன? நீங்க ஆமான்னு சொல்லுங்க, எனக்கு அது போதும். ஞாயித்துக்கிழமை ஓலை வாசிச்சிரட்டும்."

தலையாட்டினால் போதும். பேசக்கூட வேண்டாம்.

"காய்ச்சல் இல்லை" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் தீர்மானம், நான் அவளிடம் சொன்னது, அவள் மிஸ்ஸியம்மாவிடம் சொன்னது, உபதேசியார் கேட்டது. ஒரு குற்றமும் இல்லாதவள், பொய் சொல்லிப் பந்திக்குப் போக மனசில்லாமல்தான் உட்கார்ந்திருந்தாள், இப்படி ஒரு பெண் உங்களுக்கு எங்கே கிடைக்கும் என்று சொன்னேன். நன்றாகப் பேசினேன். இதுவரை எந்த வகுப்பிலும் அப்படிப் பேசியதில்லை. நெஞ்சு நிமிர்ந்து, குரல் நடுங்காமல். நான் எவ்வளவு நேர்மையானவள் என்று எனக்கே கேட்டுக்கொண்டிருந்தது. ஜெ. அப்போது என் நினைவிலேயே இல்லை. இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்த அம்மா கடைசிவரை கேட்டார்கள்.

"அப்ப, நீங்க நம்பிச் சொன்னத அவ கொண்டு போயி வெளிய சொல்லியிருக்கா."

"என் நல்லதுக்காக."

"இருக்கட்டும். இன்னைக்கு உங்க பேச்சு, நாளைக்கு என் வீட்டுப் பேச்சு. ஒரே அடுப்புல மூணு மருமகளுக இருக்க வீடு இது. வயித்துல இருந்தாக்கூட என் மகன்கிட்டக் கேட்டு ஒரு முடிவு பண்ணலாம். இதுக்கு என்ன பண்ண?"

நான் என்னென்னவோ சொன்னேன். காதில் வாங்கவில்லை. சாப்பிடாமல் போகக் கூடாது என்று உட்கார வைத்து இலை போட்டார்கள். சாப்பிட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு. அதை எப்படித் தின்றேன் என்று இப்போது தெரியவில்லை.

அக். 9, சனி

நேற்றுச் சொல்லவில்லை. தலைவலி என்று படுத்துக்கொண்டேன். தலைவலி இருந்தது, அது பொய்யில்லை.

காலையில் சொன்னேன். ஜெ.யின் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். ஜெ. தலை சீவிக்கொண்டிருந்தாள். சீவி முடித்து, சீப்பிலிருந்த முடியைச் சுருட்டி வெளியே போட்டுவிட்டு வந்து கேட்டாள்:

"ஆமான்னு சொன்னா போதும்னா சொன்னாவ?"

"ஆமா."

"தலையை ஆட்டியிருக்கலாம்லட்டி."

அப்புறம் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். அம்மாவும் மகளும் மத்தியான பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். பெட்டியை நான் தூக்கி வருகிறேன் என்றேன். கொடுக்கவில்லை.

அக். 10, ஞாயிறு

மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை. அறிக்கைகள் முடிந்ததும் ஐயா நேரே பாட்டு நம்பரைச் சொன்னார். சபை முழுவதும் ஒரு கணம் பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமல் காத்திருந்தது.

அக். 12, செவ்வாய்

மழை பிடித்துக்கொண்டது. நாலாம் வகுப்பில் ஒழுக்கு. ஜெ.யின் வகுப்பையும் என் வகுப்பையும் ஒன்றாக உட்கார வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். "மணி டீச்சர் எப்ப வருவாவ?" என்று தினமும் ஒன்று கேட்கிறது. வாய்ப்பாட்டைச் சொல்லச் சொல்கிறேன்.

மிஸ்ஸியம்மா மறுபடி கூப்பிட்டார்கள். எல்லாம் கேள்விப்பட்டார்களாம். கண்ணில் தண்ணீர். "சபை முழுவதும் பொய் சொல்லுகையில் நீ ஒருத்தி உண்மைக்காக நின்றாய். நான் உன்னைத் தப்பாக எண்ணினேன்." ஜனவரியில் பயிற்சிக்குப் போகலாம். எழுதிவிட்டார்களாம்.

ஜெ.யும்தான் நின்றாள் என்று சொன்னேன். "ஆம், பாவம் அந்தப் பெண்" என்றார்கள்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை. எனக்குப் போக ஆசை. கரும்பலகை, கூரை, சேத்தூர் எல்லாம் உடனே கண்முன்னே வந்துவிட்டது. சீ என்று இருக்கிறது. ஆனாலும் போவேன்.

அக். 16, சனி

வத்திராயிருப்பு போனேன். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. வயலில் நடவு. ஜெ. வீட்டின் பின்புறம், சாய்ப்புக்குக் கீழே சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா என்னைப் பார்த்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்கள்.

இளைத்திருக்கிறாள். உட்கார் என்று சொல்லவில்லை. நானாக உட்கார்ந்தேன்.

"பயிற்சிக்குப் போறியாமே?"

"யார் சொன்னா?"

"எல்லாருந்தான் சொல்லுதாவ." புடைப்பதை நிறுத்தவில்லை. "போ. நல்லாப் படி."

அவளுக்கு வேறு மாப்பிள்ளை பார்க்கிறார்களாம். தேவதானத்துப் பக்கம் ஒருத்தர், மனைவி இறந்தவர், வயசானவர், போலீஸில் இருந்தவர். பிள்ளைகள் இருக்கின்றன. அவருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லையாம். அந்தச் செய்தியைப் பக்கத்து வீட்டுக் கல்யாணச் செய்தி மாதிரிச் சொன்னாள்.

என்ன பேசுவதென்று தெரியவில்லை. உன்மேல் எனக்கு இப்போது ஒரு வருத்தமும் இல்லை என்றேன். அது நிஜம். "அப்படியா" என்றாள்.

சுளகைக் கீழே வைத்தாள். வந்ததிலிருந்து முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்குதேன். அன்னைக்கு அவிய வீட்டுல அம்புட்டும் பேசுனியே, எனக்காகத்தானே பேசுன?"

"ஆமா" என்றேன். "உனக்காகத்தான்."

தலையாட்டினாள். மறுபடி சுளகை எடுத்துக்கொண்டாள். சாயங்கால பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன்.