மகிழ்விப்பேன் என்றொரு மாத்திரை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. உன் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை.

நேற்றுக் காலை அப்பா நம் சலூனில் மூலை வீட்டு வாத்தியாரின் தாடையைக் கிழித்துவிட்டார். கை நடுக்கம் வந்த பிறகு சவரக் கத்தியை என்னிடம் கொடுத்துவிட்டு, உதிர்ந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தவர். நீ சேர்த்துவிட்ட மருந்துப் பரிசோதனையில் தந்த மாத்திரையைப் போட்டதும், "கை நின்னுடுச்சுடா, கத்தியைக் குடு" என்று திரும்ப வாங்கிக்கொண்டார். கொஞ்ச நாள் உண்மையிலேயே நின்றது. எனக்கும் சந்தோஷம்தான். பரிசோதனை முடிந்ததும் ஆஸ்பத்திரியில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: அப்பாவுக்குக் கிடைத்தது மருந்தே இல்லாத பிளாசிபோ.

ஆத்திரத்தில் உனக்குப் போன் செய்தேன். நீ பாடம் எடுத்தாய். "அது லத்தீன் சொல்டா. 'மகிழ்விப்பேன்'னு அர்த்தம். தன்மை ஒருமை, எதிர்காலம். நம்ம தமிழ் மாதிரியே வினைக்குள்ளயே 'நான்' உட்கார்ந்திருக்கு" என்றாய். அந்தக் காலத்தில் இறந்தவருக்கான ஜெபத்தில் அந்தச் சொல் வருமாம். ஒட்டும் உறவும் இல்லாதவன்கூடச் சாவு வீட்டுச் சாப்பாட்டுக்காக வந்து அதைப் பாடுவானாம். பிறகு முகஸ்துதி செய்கிறவனுக்கே அது பெயராகிவிட்டதாம். சிரித்துக்கொண்டே சொன்னாய். அப்பா இன்னும் சாகவில்லை, அக்கா.

யாரை மகிழ்வித்தீர்கள்? பரிசோதனையில் பாதிப் பேருக்கு வெறும் மாத்திரைதான் என்று உனக்கு முன்பே தெரியும். அவரிடம், "புது மருந்துப்பா, பேசாம கையெழுத்துப் போடுங்க" என்றாய். நடுக்கத்துக்குப் போட்டுவந்த பழைய மாத்திரையையும் நிறுத்த வைத்தாய். மகள் டாக்டர் என்பதால் அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்கிறவனுக்கு விளக்கம், நம்புகிறவனுக்குக் கையெழுத்து. நல்ல நியாயம்.

வாத்தியாருக்குத் தையல் போட்டார்கள். "தெரியாமப் பட்டதுதானே, விடுப்பா" என்று பெரிய மனதோடு போய்விட்டார். அப்பா என்னைத்தான் திட்டுகிறார். "மாத்திரை தீர்ந்துபோச்சு, அதான் இப்படி. அக்காகிட்டச் சொல்லி வாங்குடான்னா கேக்குறியா?" என்கிறார். உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். "நீ என்ன டாக்டரா? என் பொண்ணு என்னை ஏமாத்துவாளா?" என்று வாயை அடைத்துவிட்டார். கத்தியை ஒளித்து வைத்திருக்கிறேன். தேடிக்கொண்டே இருக்கிறார்.

நீயே வந்து சொல். போனில் வேண்டாம். எதிரே உட்கார்ந்து, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சொல். பழைய மருந்தையும் நீயே எடுத்துக் கொடு. நீ கொடுத்தால்தான் போடுவார்.

ஆபரேஷன் செய்கிற உன் கை ஒருநாளும் நடுங்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி